கூண்டின் சாவி யாரிடம்? சீனாவில் சந்தையும் கட்சியும் சேர்ந்து வாழும் விதம்

சீனாவைப் பற்றி எங்கு பேச்சு எழுந்தாலும் சற்று நேரத்தில் ஒரே முட்டுச்சந்தில் வந்து நிற்கும். 'அது கம்யூனிஸ்ட் நாடு' என்பார் ஒருவர். 'பங்குச்சந்தை இருக்கிறது, நூற்றுக்கணக்கில் பெரும் பணக்காரர்கள் இருக்கிறார்கள், அது எப்படிக் கம்யூனிசம்?' என்பார் இன்னொருவர். 'பாதி அது, பாதி இது' என்று மூன்றாமவர் சமாதானம் செய்துவைப்பார். கேட்க நியாயமாக இருப்பது இந்த மூன்றாவது பதில்தான். ஆனால் அதுதான் எதையும் விளக்காத பதில். எந்தப் பாதி அது, எந்தப் பாதி இது? பிரித்தது யார்? சாதாரண மனிதர் மேல் அரசுக்கு இவ்வளவு பிடி எந்தப் பாதியிலிருந்து வருகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நான்கு சொற்கள்

1. முதலாளித்துவம்: நிலம், ஆலை, இயந்திரம், மூலதனம் ஆகியவை தனியாரிடம் இருக்கும். எதை எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதை லாபமும் விலையும் முடிவுசெய்யும். தொழிலாளி கூலிக்கு வேலை செய்வார்.

2. கம்யூனிசம்: உற்பத்திச் சாதனங்களுக்குத் தனி உடைமையாளரே இல்லாத, வர்க்கமும் இறுதியில் அரசும் மறைந்துபோன சமூகம். இந்த நிலையை அடைந்துவிட்டதாக எந்த நாடும் சொன்னதில்லை. சீனாவின் அரசியல் சட்டமும் தன்னை சோஷலிச நாடு என்றுதான் சொல்கிறது. கம்யூனிசம் என்பது கட்சியின் பெயரிலும் தொலைதூர இலக்கிலும் இருக்கிறது.

3. அரசு முதலாளித்துவம்: சந்தையும் லாபமும் இருக்கும், ஆனால் முக்கியமான துறைகள் அரசின் கையில். இது கம்யூனிசத்தின் எதிரிகள் கண்டுபிடித்த வசைச்சொல் என்று பலர் நினைக்கிறார்கள். லெனினே இதைத் தயக்கமில்லாமல் பயன்படுத்தினார். உள்நாட்டுப் போருக்குப் பின் பட்டினியில் கிடந்த ரஷ்யாவில் 1921-ல் புதிய பொருளாதாரக் கொள்கை என்ற பெயரில் சிறு வணிகத்தையும் விவசாயிகளின் சந்தையையும் திறந்துவிட்டார். வங்கி, பெருந்தொழில், வெளிநாட்டு வணிகம் மட்டும் அரசிடமே இருந்தன. அந்தக் கொள்கை நடப்பில் இருந்த 1926-ல் மாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்த சீன இளைஞர்களில் ஒருவர் டெங் சியாவோபிங். பின்னாளில் சீனச் சந்தையைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

4. லெனினியக் கட்சி: இது பொருளாதாரச் சொல்லே அல்ல, அமைப்பு பற்றிய சொல். ஒரே கட்சி, மேலிருந்து கீழ் வரை கட்டுப்பாடு, ராணுவம், நீதிமன்றம், பத்திரிகை, பள்ளி, ஆலை என்று எல்லாவற்றுக்குள்ளும் அதன் கிளை. கட்சிக்கு வெளியே யாரும் சுயமாக அமைப்பு கட்டக் கூடாது.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டாவதையும் நான்காவதையும் ஒன்றாகப் பார்ப்பதுதான். 1978-க்குப் பின் சீனா பொருளாதாரத்தில் நிறைய விட்டுக்கொடுத்தது. லெனினியக் கட்சி அமைப்பில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அமைப்பு காலூன்ற எந்தெந்தப் பொருளாதார நெம்புகோல்கள் வேண்டுமோ அவற்றையும் விடவில்லை.

கைநாட்டு வைத்த 18 பேர்

1978 நவம்பரில் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ஒரு வீட்டில் ரகசியமாகக் கூடினார்கள். கம்யூன் எனும் கூட்டுப் பண்ணையின் நிலத்தைத் தங்களுக்குள் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குச் சேர வேண்டிய தானியத்தைக் கொடுத்தபின் மிஞ்சியதை அவரவர் வைத்துக்கொள்வது என்று எழுதி, கையெழுத்திட்டும் பெருவிரலை மையில் தோய்த்தும் உறுதிசெய்தார்கள். விஷயம் வெளியே தெரிந்து யாராவது சிறைக்குப் போனால் அவருடைய பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்றும் அந்தத் தாளில் இருந்தது. அன்று அது அவ்வளவு பெரிய குற்றம். மாவோ காலத்து 'பெரும் பாய்ச்சல்' பஞ்சத்தில் கொத்துக் கொத்தாக மக்களை இழந்த வட்டாரம் அது.

அடுத்த ஆண்டு விளைச்சல் பல மடங்கு பெருகியது. மாகாணக் கட்சித் தலைமை கண்டுகொள்ளாமல் விட்டது, பிறகு ஆதரித்தது, பிறகு நாடு முழுவதும் அதுவே கொள்கையானது. அந்தத் தாள் இன்று அருங்காட்சியகப் பொருள்.

இதில் கவனிக்க வேண்டியது, நிலம் விவசாயிகளுக்குச் சொந்தமாகவில்லை என்பது. உழும் உரிமையும் மிச்சத்தை விற்கும் உரிமையும் கிடைத்தன. உடைமை 'கூட்டு' என்ற பெயரிலேயே நின்றது, இன்றும் நிற்கிறது. பின்னால் நடந்த சீர்திருத்தங்கள் எல்லாவற்றிலும் இதே அச்சைப் பார்க்கலாம்: பயன்படுத்தும் உரிமை வெளியே போகும், உடைமை உள்ளேயே இருக்கும்.

பறவை பறக்கட்டும், ஆனால்

1980-ல் ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. வெளிநாட்டு முதலீடு வந்தது. அப்போது கட்சிக்குள் எழுந்த கேள்விக்கு மூத்த தலைவர் சென் யுன் ஓர் உவமை சொன்னார். சந்தை ஒரு பறவை. கையில் இறுக்கிப் பிடித்தால் செத்துவிடும், பறக்க விட வேண்டும். ஆனால் கூண்டுக்குள்தான் பறக்க விட வேண்டும், இல்லையென்றால் ஓடிவிடும். கூண்டு பெரிதாக இருக்கலாம், அவ்வப்போது அளவை மாற்றலாம், கூண்டு என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

சென் யுன் திட்டமிட்ட பொருளாதாரத்தின் ஆதரவாளர், டெங்கின் வேகத்தைக் கண்டு எரிச்சல்பட்டவர். ஆகவே அவர் தோற்றுப்போனார் என்று எழுதுவது வழக்கம். பாதிதான் சரி. பறவைக்கு அவர் நினைத்ததைவிட மிகப் பெரிய இடம் கிடைத்தது. ஆனால் கூண்டு போகவில்லை.

1989-ல் தியானன்மென் சதுக்கத்தில் ராணுவம் இறங்கியபின் சீர்திருத்தம் நின்றுவிடும் என்றே பலர் எதிர்பார்த்தார்கள். 1992 தொடக்கத்தில், 87 வயதான டெங் தெற்கு மாகாணங்களுக்குப் பயணம் போனார். திட்டமிடலும் சந்தையும் வெறும் கருவிகள், சோஷலிசத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள வேறுபாடு அதில் இல்லை என்று சொன்னார். அந்த ஆண்டு அக்டோபரில் 'சோஷலிசச் சந்தைப் பொருளாதாரம்' கட்சியின் அதிகாரபூர்வ இலக்கானது. 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. 2002-ல் முதலாளிகளும் கட்சியில் சேரலாம் என்று விதி திருத்தப்பட்டது.

தனியார் துறையின் இன்றைய பங்கைச் சீனத் தலைமையே வாய்ப்பாடு போலச் சொல்கிறது: வரி வருவாயில் 50 சதவீதத்துக்கு மேல், மொத்த உற்பத்தியில் 60 சதவீதத்துக்கு மேல், நகர வேலைவாய்ப்பில் 80 சதவீதத்துக்கு மேல். இந்த எண்களை மட்டும் வைத்தால் சீனா சாதாரண முதலாளித்துவ நாடு. எண்களில் வராதவை வேறு.

கையை விட்டு விடாதவை

கடையில் விற்கும் பொருளின் விலையைச் சந்தைக்கு விட்டார்கள். பொருளை உண்டாக்கத் தேவையான அடிப்படைகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

1. நிலம். நகர நிலம் முழுவதும் அரசுடையது, கிராம நிலம் கூட்டுடைமை. 1982 அரசியல் சட்டத்தின் 10-வது பிரிவு இது. சீனாவில் வீடு வாங்குபவர் சுவரையும் கூரையையும் வாங்குகிறார். கீழே இருக்கும் மண்ணுக்கு 70 ஆண்டு பயன்பாட்டு உரிமை மட்டுமே. தொழிற்சாலைக்கு 50 ஆண்டு, வணிகத்துக்கு 40 ஆண்டு. இந்த உரிமையை விற்கலாம் என்று முதலில் ஏலம் போட்டுக் காட்டிய நகரம் ஷென்ஜென், 1987 டிசம்பரில். அதை அனுமதிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது 1988 ஏப்ரலில்! முதலில் செய்து பார்ப்பது, அப்புறம் சட்டம் எழுதுவது என்பது அங்கே ஒரு பழக்கம்.

இதன் பணக்கணக்கு பெரியது. விவசாயிகளிடமிருந்து குறைந்த இழப்பீட்டில் நிலத்தை எடுத்து, நகர நிலமாக மாற்றி, கட்டுமான நிறுவனங்களுக்கு அதிக விலைக்கு உரிமம் கொடுப்பது உள்ளூர் அரசுகளின் முதன்மையான வருமானங்களில் ஒன்றானது. உச்சமாக 2021-ல் அந்த வருவாய் சுமார் 8.7 லட்சம் கோடி யுவான். ஒரே விற்பனையாளர் இருக்கும் சந்தையைச் சந்தை என்று சொல்லலாமா என்பது தனிக் கேள்வி.

2. கடன். நான்கு மிகப் பெரிய வங்கிகளும் அரசினுடையவை, சொத்து மதிப்பில் உலகிலேயே முதல் வரிசையில் நிற்பவை. வைப்புத்தொகைக்கான வட்டி உச்சவரம்பு 2015 வரை நீடித்தது. தனி நபர் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் யுவானை வெளிநாட்டு நாணயமாக மாற்ற முடியாது. ஆக, குடும்பங்களின் சேமிப்பு வெளியே போக வழியில்லாமல் அரசு வங்கிகளில் குறைந்த வட்டிக்குத் தேங்குகிறது. அது அரசு காட்டும் திசையில் கடனாகப் பாய்கிறது.

3. நியமனம். முக்கிய அரசு நிறுவனங்களின் தலைவர்களை நியமிப்பது கட்சியின் மத்திய அமைப்புத் துறை. 2004 நவம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒன்றோடொன்று போட்டிபோடும் தொலைத்தொடர்பு நிறுவனங்களான சைனா மொபைல், சைனா யூனிகாம், சைனா டெலிகாம் ஆகியவற்றின் தலைவர்கள் ஒரே உத்தரவில் நாற்காலி மாற்றப்பட்டார்கள். மூன்றும் அப்போது ஹாங்காங், நியூயார்க் பங்குச்சந்தைகளில் பட்டியலிடப்பட்டிருந்த நிறுவனங்கள். ஏர்டெல் தலைவரை ஜியோவுக்கும் ஜியோ தலைவரை வோடஃபோனுக்கும் டெல்லியில் ஒரு துறை ஒரே நாளில் மாற்றினால் எப்படி இருக்கும்? அப்படி.

4. சங்கம். அனுமதிக்கப்பட்ட தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்றுதான், அதுவும் கட்சியின் கீழ். வேலைநிறுத்த உரிமை 1975, 1978 அரசியல் சட்டங்களில் இருந்தது, 1982-ல் நீக்கப்பட்டது. 2018-ல் ஷென்ஜெனின் ஜாசிக் என்ற வெல்டிங் இயந்திர நிறுவனத்தில் தொழிலாளர்கள் சொந்தமாகச் சங்கம் அமைக்க முயன்று வேலையிழந்தார்கள், கைதானார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் போனவர்களில் பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு. மார்க்ஸை ஊன்றிப் படித்தவர்கள், அதனாலேயே போனவர்கள். அவர்களும் பிடித்து வைக்கப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் நாட்டில் மார்க்சியம் பேசி மாட்டிக்கொள்ள முடியும் என்பதை, மேலே பிரித்த இரண்டாவது சொல்லும் நான்காவது சொல்லும் தெளிவாக விளங்கிய ஒருவர் ஆச்சரியமாகப் பார்க்க மாட்டார்.

5. இடம்பெயர்வு. இதற்குத் தனியாக இடம் வேண்டும், கீழே வருகிறது.

தனியார் நிறுவனத்துக்குள் கட்சி

'அதெல்லாம் அரசு நிறுவனம். தனியார் முதலாளியை என்ன செய்ய முடியும்?' என்று கேட்கலாம். மூன்று கட்சி உறுப்பினர்கள் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் கட்சிக் கிளை அமைய வேண்டும் என்கிறது கட்சி விதி. உறுப்பினர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்ட கட்சி என்பதால் நடுத்தர நிறுவனம் எதுவும் இதிலிருந்து தப்புவது கடினம். கிளையின் வேலை பல இடங்களில் கூட்டம், பயிற்சி, விழா என்ற அளவில்தான். தேவைப்படும்போது அது ஒரு கதவு.

இன்னொரு வழி 'தங்கப் பங்கு'. 2021-ல் டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸின் பெய்ஜிங் துணை நிறுவனத்தில் அரசு சார்ந்த அமைப்பு ஒரு சதவீதப் பங்கு வாங்கியது. ஒரு சதவீதம்தான், ஆனால் மூன்று பேர் கொண்ட இயக்குநர் குழுவில் ஓர் இடம் அதனுடன் வந்தது.

எல்லாவற்றையும்விட விளக்கமான பாடம் ஆன்ட் குழுமம். அலிபே செயலியை நடத்தும் இந்த நிறுவனம் 2020 நவம்பர் 5 அன்று ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் பங்கு வணிகத்தைத் தொடங்குவதாக இருந்தது. திரட்டவிருந்த தொகை சுமார் 3,500 கோடி டாலர், உலகில் அதுவரை நடந்த பங்கு வெளியீடுகளிலேயே பெரியது. அக்டோபர் 24 அன்று ஷாங்காய் மாநாட்டில் அதன் நிறுவனர் ஜாக் மா பேசினார். சீன வங்கிகள் அடகுக்கடை மனநிலையில் இருக்கின்றன, புதுமையைப் பழைய விதிகளால் நெரிக்கிறார்கள் என்பது பேச்சின் சாரம். நவம்பர் 3 அன்று வெளியீடு நிறுத்தப்பட்டது. ஜாக் மா பல வாரங்கள் பொதுவெளியில் காணப்படவில்லை. 2021 ஏப்ரலில் அவர் நிறுவிய இணைய வணிக நிறுவனமான அலிபாபாவுக்கு 1,820 கோடி யுவான் அபராதம். 2023 ஜனவரியில் ஆன்ட் மீதான கட்டுப்பாட்டை அவர் விட்டுக்கொடுத்தார். இத்தனைக்கும் ஜாக் மா கட்சி உறுப்பினர் என்று 2018-லேயே கட்சியின் நாளேடு எழுதியிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் ஒழுங்குமுறை அமைப்புகளிடமும் ஒரு வாதம் இருந்தது. ஆன்ட் வழியாகப் போன கடன்களில் சுமார் 2 சதவீதம்தான் அதன் சொந்தக் கணக்கில் இருந்தது. மீதியின் சுமை மற்ற வங்கிகளுக்கு. கடன் மூழ்கினால் கஷ்டம் வங்கிக்கு, தரகு லாபம் ஆன்ட்டுக்கு. எந்த நாட்டு மத்திய வங்கியும் இதைக் கேள்வி கேட்கும். வித்தியாசம் நடைமுறையில்: வணிகம் தொடங்க இரண்டு நாள் முன்பு நிறுத்துவதும், அதை எதிர்த்து யாரும் நீதிமன்றம் போக நினைக்காததும்.

2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சித் தொழிலே லாப நோக்கமற்றதாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு துறையே ஒரு சுற்றறிக்கையில் சரிந்தது. நியூ ஓரியன்டல் என்ற ஒரே நிறுவனம் 60,000 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. அடுத்த மாதம் 18 வயதுக்குக் கீழானவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று விதி வந்தது. டியூஷனைக் கண்டு நொந்த பெற்றோர் பலர் இரண்டையும் வரவேற்கவே செய்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தனி மனிதர் மேல் பிடி: காகிதத்திலிருந்து செல்பேசிக்கு

அரசுக் கட்டுப்பாடு என்றதும் முகம் அறியும் கேமராதான் பலருக்கு நினைவு வருகிறது. ஆனால் பழைய காகிதப் பதிவேடு ஒன்றுக்கு இருக்கும் அதிகாரம் எந்தக் கேமராவுக்கும் கிடையாது.

1958-ல் வந்த ஹூகோ எனும் குடும்பப் பதிவு முறை ஒவ்வொருவரையும் ஓர் ஊரோடு கட்டியது. கிராமப் பதிவு உள்ளவர் நகரத்தில் வேலை செய்யலாம். பிள்ளையின் பள்ளி, மருத்துவக் காப்பீடு, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு பெரும்பாலும் பதிவான ஊரில்தான். 2020 கணக்கெடுப்பின்படி பதிவான ஊரை விட்டு வேறிடத்தில் வாழ்ந்தவர்கள் சுமார் 37.6 கோடி பேர். நகரத்தில் வசிப்பவர்கள் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 64 சதவீதம், நகரப் பதிவு பெற்றவர்கள் 45 சதவீதம் அளவில்தான். பெற்றோர் நகரத்துக்குப் போக, கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் விடப்பட்ட குழந்தைகள் சுமார் 6.1 கோடி என்று 2013-ல் அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு கணக்கிட்டது.

உலகின் தொழிற்சாலை எப்படி மலிவாக ஓடியது என்பதற்கான பதிலில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. உழைப்பு நகரத்துக்கு வரும், உழைப்பாளியின் குடும்பச் செலவு கிராமத்திலேயே நிற்கும். சங்கம் வைக்க முடியாது, முதுமையில் ஊருக்குத் திரும்பிவிடுவார். முதலாளித்துவத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது. அதை உருவாக்கியது திட்டமிட்ட பொருளாதாரக் காலத்துச் சட்டம். இரண்டும் ஒன்றை ஒன்று பலவீனப்படுத்தவில்லை, ஒன்றுக்கு ஒன்று முட்டுக்கொடுத்தன.

நகரவாசிக்கு வேறு கட்டு இருந்தது: 'தான்வெய்' எனும் பணியிட அலகு. வீடு, மருத்துவம், பங்கீட்டுச் சீட்டு எல்லாம் அதன் வழியே. திருமணத்தைப் பதிவுசெய்யப் பணியிடத்தின் சான்றுக் கடிதம் வேண்டும் என்ற விதி 2003 அக்டோபர் வரை இருந்தது. ஒற்றைக் குழந்தைக் கொள்கை அவ்வளவு கடுமையாக அமலானதற்கும் இந்த அலகு ஒரு காரணம். இரண்டாவது குழந்தை பெற்றால் வேலையும் சலுகையும் போகும் என்ற பயம்.

1990-களில் அரசு ஆலைகள் மூடப்பட்டு, கோடிக்கணக்கானோர் வேலையிழந்தபோது தான்வெய் உடைந்தது. அதோடு தனி மனிதர் உண்மையிலேயே பெரிய அளவில் விடுதலை பெற்றார். எங்கு வேலை, என்ன உடை, யாரைக் கல்யாணம் செய்வது என்பதெல்லாம் அவரவர் விருப்பமானது. இதைக் குறைத்துச் சொல்பவர்கள் 1970-களின் சீனாவை மறந்துவிடுகிறார்கள்.

பிடி வேறு வழியில் திரும்பி வந்தது. பணம் கட்டுவது, பயணம், அரட்டை, மருத்துவ முன்பதிவு எல்லாம் வீசாட், அலிபே என்ற இரண்டு செயலிகளுக்குள் போயின. அவை உண்மைப் பெயரோடும் செல்பேசி எண்ணோடும் பிணைந்தவை. 2019 டிசம்பர் முதல் புதிய சிம் வாங்க முகத்தையும் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு சீனக் குடிமகனுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு, சிக்னலைத் தாண்டினால் குறையும் என்று பரவலாக எழுதப்படுகிறது. நாடு முழுவதற்குமான அப்படி ஒரு மதிப்பெண் இல்லை. மூன்று வெவ்வேறு விஷயங்களைக் குழப்பிக்கொண்டதன் விளைவு இது.

1. ரோங்செங் போன்ற சில நகரங்கள் நடத்திய மதிப்பெண் பரிசோதனைகள்.
2. 350 முதல் 950 வரை புள்ளி தரும் 'எள் கடன் மதிப்பெண்'. இது ஆன்ட் குழுமத்தின் வணிகச் சேவை.
3. நீதிமன்றத் தீர்ப்பின்படி கட்ட வேண்டிய கடனைக் கட்டாதவர்களின் கறுப்புப் பட்டியல்.

உண்மையான பல் மூன்றாவதில்தான் இருக்கிறது. இதில் சேர்ந்தவர்களுக்கு விமானச் சீட்டு மறுக்கப்பட்டது 2018 முடிவுக்குள் 1.7 கோடி முறைக்கு மேல்.

செங்ஜோவில் சிவந்த குறியீடு

பணமும் கட்டுப்பாடும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதைக் காட்ட 2022-ல் ஹெனான் மாகாணத்தில் நடந்தது ஒன்றே போதும்.

ஏப்ரலில் அங்குள்ள நான்கு சிறு கிராம வங்கிகள் வாடிக்கையாளர்களின் பணத்தை முடக்கின. அதிக வட்டி என்று இணையத்தில் பார்த்து, பல மாகாணங்களிலிருந்து பணம் போட்டவர்கள் அவர்கள். ஜூன் மாதம் தலைநகர் செங்ஜோவுக்கு வந்து கேள்வி கேட்கக் கிளம்பினார்கள். வந்து இறங்கியதும் செல்பேசியில் கோவிட் சுகாதாரக் குறியீடு சிவப்பானது. சிவப்பு என்றால் ரயில் ஏற முடியாது, விடுதியில் தங்க முடியாது, தனிமைப்படுத்தல்தான். தொற்றுச் சோதனையில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. செங்ஜோவுக்கு வராமலே குறியீட்டை ஸ்கேன் செய்து பார்த்தவர்களுக்கும் சிவந்தது. மொத்தம் 1,317 வாடிக்கையாளர்கள் என்று அரசு விசாரணையே ஒப்புக்கொண்டது.

இது சீன இணையத்தில் பெரும் கோபத்தைக் கிளப்பியது, ஐந்து அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஜூலை 10 அன்று மத்திய வங்கிக் கிளை முன் கூடியவர்களைச் சீருடையில்லாத ஆட்கள் அடித்து இழுத்துச் சென்றார்கள். அதற்குப் பிறகே தவணை தவணையாகப் பணம் திரும்பத் தொடங்கியது.

நோயைத் தடுக்கச் செய்த கருவியை வங்கிப் பிரச்சினையை மூடி மறைக்க உள்ளூர் அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். பெய்ஜிங் உத்தரவிட்டதாகத் தெரியவில்லை. அதுதான் கவலைக்குரியது: கருவி கையில் இருக்கும்போது மேலிடத்து உத்தரவு தேவைப்படவில்லை.

வடமேற்கில், உய்குர் முஸ்லிம்கள் வாழும் சின்ஜியாங்கில் இதே வகைக் கருவிகள் வேறு தீவிரத்தில் பயன்பட்டன. செல்பேசித் தரவு, சோதனைச்சாவடி, வீட்டு வருகை எல்லாம் ஒரே கணினித் தளத்தில் சேர்க்கப்பட்டன. 2017 முதல் உய்குர் மக்கள் பெருந்தொகையாக முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அங்கு நடந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31 அன்று அறிக்கை வெளியிட்டது. சீனா அதை மறுக்கிறது.

கம்யூனிசம் மட்டுமா காரணம்?

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். கம்யூனிஸ்ட்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை 1963-ல் கூட்டமாகக் கைது செய்த இடம். அங்கும் நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. குடிமக்களில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் 99 ஆண்டுக் குத்தகையில் வசிக்கிறார்கள். 1989 முதல் ஒவ்வொரு பிளாக்கிலும் இனவாரி உச்சவரம்பு உண்டு. பிளாக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால், அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் ஒருவர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குபவர் கூட்டம் சுருங்கும், விலை பேசும் பலமும் குறையும். சந்தைப் பொருளாதாரம்தான், ஆனால் யார் யாருக்கு விற்கலாம் என்பதில் அரசு இருக்கிறது.

ஆக நிலமும் வீடும் அரசிடம் இருந்தாலே குடிமகன் வாழ்க்கையில் அரசு நுழைந்துவிடும். அதற்குச் செங்கொடி அவசியமில்லை. சீனாவில் கூடுதலாக இருப்பது நான்காவது சொல், லெனினியக் கட்சி. சிங்கப்பூரில் எதிர்க்கட்சி தேர்தலில் நிற்கும், தொகுதி வெல்லும், நாடாளுமன்றத்தில் வீட்டுக் கொள்கையைக் கேள்வி கேட்கும். சீனாவில் அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் அமைப்பு உருவாகவே முடியாது. 1986 முதல் 'தோய் மோய்' சீர்திருத்தம் நடத்தும் வியட்நாமும் சீனாவின் அச்சில்தான் போகிறது.

நில வருவாய் வற்றியபின்

2020-ல் அரசு கட்டுமான நிறுவனங்களின் கடனுக்கு 'மூன்று சிவப்புக் கோடுகள்' போட்டது. 30,000 கோடி டாலருக்கு மேல் கடன் பொறுப்பு வைத்திருந்த எவர்கிராண்ட் 2021 டிசம்பரில் தவணை தவறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. சேமிப்பை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வழியில்லாத, வங்கி வட்டியில் நம்பிக்கையில்லாத குடும்பங்கள் வீட்டில்தான் பணத்தைப் போட்டிருந்தன. அந்த வீட்டு விலை விழுந்தது. கட்டி முடிக்காத வீட்டுக்குத் தவணை கட்ட மாட்டோம் என்று 2022-ல் பல நகரங்களில் வாங்கியவர்கள் அறிவித்தார்கள்.

அரசு விரும்பினாலும் திருப்ப முடியாதவையும் உண்டு என்பது இதே சமயத்தில் தெரிந்தது. 2016-ல் இரண்டு குழந்தை, 2021-ல் மூன்று குழந்தை என்று அனுமதி விரிந்தது. 2016-ல் 1.7 கோடிக்கு மேல் இருந்த பிறப்பு 2023-ல் 90 லட்சம் ஆனது. குழந்தை பெறாதே என்று தடுக்க முடிந்த அரசுக்குப் பெற்றுக்கொள் என்று சொல்லிக் காரியம் நடக்கவில்லை.

நில வருவாய் 2021-ன் உச்சத்திலிருந்து 2024-க்குள் பாதியை ஒட்டிச் சரிந்தது. உள்ளூர் அரசுகளுக்குக் கைச்செலவுக்கே திண்டாட்டம். அப்போது 'தொலைகடல் மீன்பிடிப்பு' என்ற சொல் சீனத் தொழில் வட்டாரத்தில் புழங்கத் தொடங்கியது. பணமில்லாத ஒரு மாகாணத்தின் போலீஸ் இன்னொரு பணக்கார மாகாணத்துக்குப் போய், ஏதோ ஒரு வழக்கைச் சொல்லி, அங்குள்ள தனியார் நிறுவனத்தின் கணக்கை முடக்குவது, உரிமையாளரைப் பிடித்து வருவது. வலை வீசத் தூரக் கடலுக்குப் போகிறார்கள் என்று தொழிலதிபர்கள் வைத்த பெயர் அது.

முதலாளிகள் பயந்தால் முதலீடு வராது என்பது பெய்ஜிங்குக்குத் தெரியும். 2025 பிப்ரவரி 17 அன்று ஷி ஜின்பிங் தொழிலதிபர்களை அழைத்துப் பேசினார், முன்வரிசையில் ஜாக் மாவும் உட்கார்ந்திருந்தார். மே 20 அன்று தனியார் பொருளாதார மேம்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. தனியார் துறைக்கென்று நாட்டின் முதல் சட்டம், 78 பிரிவுகள். சமமான போட்டி, சொத்துப் பாதுகாப்பு, மாகாணம் தாண்டிய நடவடிக்கைகளுக்கு ஒழுங்கு என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் மீறும் போலீஸின் மேல் வரும் வழக்கை விசாரிக்க வேண்டிய நீதிமன்றம், கட்சியின் அரசியல்-சட்டக் குழுவின் கீழ் இயங்குவது. அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவு, தனியார் பொருளாதாரத்தை வளர்க்கும் பணி கட்சியின் தலைமையை உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்று தொடங்குகிறது.